பகல் பராமரிப்பு நிலையம்: பிள்ளையை ஒப்படைக்கும் முன் பெற்றார் கேட்கவேண்டியவை

தனியார் துறையில் தொழில் புரியும் தாய்க்கு இந்நாட்டுச் சட்டம் உறுதிப்படுத்தும் பிரசவ விடுமுறை 84 நாட்களாகும். அதில் இரு வாரங்கள் பிரசவத்திற்கு முன்னரே கழிந்துவிடுவதுமுண்டு. பிள்ளைக்கு ஆறு மாதம் நிறைவடையும்வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதனையும் ஊட்டலாகாது எனச் சுகாதார அமைச்சு வலியுறுத்துகின்றது. ஆனால், பிள்ளை மூன்று மாதத்தைத் தாண்டும்போதே தாய் தொழிலுக்குத் திரும்பியாக வேண்டும் என்பதே நடைமுறை. அரச ஊழியர்களின் நிலை சற்று மேலானது. முழுச் சம்பளத்துடனான 84 நாட்களின் பின்னர், அரைச் சம்பளத்துடன் 84 நாட்களையும் சம்பளமின்றி மேலும் 84 நாட்களையும் அவர்கள் பெற்றுக்கொள்ளலாம். எனினும், அந்தச் சம்பள இழப்பைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் இன்றைய வாழ்க்கைச் செலவில் எத்தனை என்பது வேறு கேள்வி.

முன்னர் இந்த இடைவெளியை அம்மம்மாவும் அப்பம்மாவும், முஸ்லிம் குடும்பங்களில் உம்மம்மாவும் நிரப்பினர். 1983 இன் வன்செயல்களும், 1990 இல் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையும், 2009 வரை நீடித்த யுத்தமும் உறவினரை வெவ்வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் சிதறடித்தன. எஞ்சியோரைத் தொழில் இடமாற்றங்கள் பிரித்தன. வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் வசிக்கும் யாழ்ப்பாணத்துத் தாதியும், அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்கு வந்த வங்கி ஊழியரும் தமது பிள்ளையை முன்பின் அறியாத ஒருவரின் கையில் ஒப்படைத்துவிட்டு வேலைக்குச் செல்லவேண்டியவர்களாக உள்ளனர்.

இவ்வாறான பெற்றாரில் பலர் பகல் பராமரிப்பு நிலையமொன்றைத் தெரிவு செய்யும்போது மூன்று வினாக்களையே முதலில் எழுப்புகின்றனர். மாதக் கட்டணம் எவ்வளவு? வீட்டிற்கோ அலுவலகத்திற்கோ எவ்வளவு தூரம்? ஆங்கிலம் கற்பிக்கின்றார்களா? இம்மூன்றில் ஒன்றேனும் பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றியதன்று. அங்கு தனக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லத் தெரியாத வயதில் உள்ள பிள்ளையின் சார்பில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு உள்ளன.

மலையகம் தரும் பாடம்

பகல் பராமரிப்பு என்பது நகரத்து நடுத்தர வகுப்பினர் அண்மையில் கண்ட புதுமையன்று. இந்நாட்டில் அதன் நீண்ட அனுபவம் மலையகத் தோட்டங்களிலேயே உள்ளது. விடிந்ததும் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் தமது கைக்குழந்தைகளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுச் செல்வது தலைமுறை தலைமுறையாக நிலவிவரும் வழக்கமாகும். நீண்டதொரு கட்டடம், வரிசையாகத் தொங்கும் துணித் தொட்டில்கள், மலையேறிக் கொழுந்து பறிக்க முடியாத வயதை எட்டிய ஓர் ஆயம்மா என்பதே அதன் பழைய தோற்றம். தாயின் கைகள் தோட்டத்திற்குத் தேவைப்பட்டமையாலேயே மடுவம் அமைந்தது. பிள்ளையின் வளர்ச்சி அங்கு இரண்டாம் பட்சமாகவே இருந்தது.

1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாகப் பல மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டன. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் அவற்றிற்கு நியமிக்கப்பட்டனர். பெயர்ப் பலகை மாறியது போன்று எல்லாத் தோட்டங்களிலும் நிலைமை மாறிவிட்டது எனக் கூறிவிட முடியாது. ஆயினும், பிள்ளையை வைத்திருப்பது வேறு, பராமரித்து வளர்ப்பது வேறு என்ற வேறுபாட்டை மலையகத்தின் இந்த மாற்றம் தெளிவாக உணர்த்துகின்றது.

இவ்வேறுபாட்டையே உலக சுகாதார ஸ்தாபனம், யுனிசெப், உலக வங்கி ஆகியன இணைந்து 2018 இல் வெளியிட்ட பேணி வளர்க்கும் பராமரிப்புக்கான சட்டகமும் விளக்குகின்றது. நல்ல சுகாதாரம், போதிய போசாக்கு, பிள்ளையின் தேவையை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் கவனிப்பு, பாதுகாப்பு, ஆரம்பக் கற்றலுக்கான வாய்ப்பு என்ற ஐந்தினை அது வரையறுக்கின்றது. இவற்றுள் கற்றல் என்பது எழுத்துப் பயிற்சியன்று. பேச்சும் விளையாட்டும் பாட்டும் கதையுமே அந்த வயதின் கல்வியாகும்.

பிள்ளையை நிலையத்தில் விடுவதால் அதன் மனம் பாதிக்கப்படுமோ என்ற குற்ற உணர்வு பல தாய்மாரை வாட்டுவதுண்டு. அமெரிக்காவில் 1991 இல் ஆரம்பிக்கப்பட்டு, 1,300 இற்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று இதற்கு ஓரளவு ஆறுதலான விடையைத் தந்தது. பராமரிப்பு நிலையத்தைவிடக் குடும்பத்தின் இயல்பே பிள்ளையின் வளர்ச்சியில் பெரிதும் செல்வாக்குச் செலுத்துகின்றது என அது கண்டது. அதேவேளை, தரமான பராமரிப்பைப் பெற்ற பிள்ளைகள் மொழியிலும் சிந்தனை ஆற்றலிலும் சற்று முன்னிற்பதையும் அது எடுத்துக்காட்டியது. எனவே, நிலையத்தில் விடலாமா கூடாதா என்பதைவிட, எத்தகைய நிலையத்தில் விடுவது என்பதே பெற்றார் ஆராயவேண்டிய விடயமாகும்.

பதிவும் சட்டமும்

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. தொழில் புரியும் பெற்றாரின் பிள்ளைகள் பராமரிப்புச் சேவைகளால் பயன்பெறுவதற்கு அரசு வழிசெய்ய வேண்டுமென அதன் 18 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அந்நிலையங்கள் பாதுகாப்பு, சுகாதாரம், பணியாளரின் தொகை, தகைமை, மேற்பார்வை ஆகியவற்றில் உரிய தரங்களுக்கு அமைந்திருத்தல் வேண்டுமென 3 ஆம் உறுப்புரை வலியுறுத்துகின்றது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவாக்கப்பட்டது.

எனினும், முன்பிள்ளைப் பருவம் தொடர்பான அலுவல்களில் மாகாண நிர்வாகங்களுக்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பங்கு இருப்பதால், பதிவு நடைமுறை மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகின்றது. காலையில் மொண்டிசோரியாகவும் மாலையில் பராமரிப்பு நிலையமாகவும் இயங்கும் இடங்கள் பல உள்ளன. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான முன்பள்ளியாகப் பதிவு பெற்ற ஓரிடம், அதனால் மட்டும் ஆறு மாதக் குழந்தையைப் பராமரிக்கத் தகுதியுடையதாகிவிடாது. எந்தப் பதிவுமின்றி வீடுகளில் இயங்கும் நிலையங்களும் உண்டு.

ஆகவே, பதிவுச் சான்றிதழை வழங்கியது எந்த நிறுவனம், எந்தச் சேவைக்காக வழங்கியது, எக்காலம்வரை அது செல்லுபடியாகும் என்பவற்றைப் பெற்றார் நேரில் பார்த்து அறிதல் வேண்டும். பணியாளர்களுக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் பெறப்பட்டுள்ளதா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துள்ளாரா என்பனவும் கேட்கப்பட வேண்டியவை. பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரிடமும், பிரதேசத்தின் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் விசாரித்தால் ஏட்டில் இல்லாத தகவல்களும் கிடைக்கும். இவ்வாறு கேட்பதை அவமதிப்பாகக் கருதும் நிலையத்தைத் தவிர்ப்பதே நன்று.

ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?

ஒரு நிலையத்தின் தரத்தை அறிவதற்கு ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்க முடியுமாயின், ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதே அக்கேள்வியாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நால்வருக்கு ஒருவர் என்றிருந்த விகிதம் 2023 இல் ஐவருக்கு ஒருவர் எனத் தளர்த்தப்பட்டது. செல்வந்த நாடொன்றின் அளவுகோலை அப்படியே இங்கு பொருத்துவது கடினமாயினும், ஒப்பிட்டு நோக்குவதற்கு அது உதவும்.

இதனை ஒரு சிறு கணக்கின் மூலமும் விளங்கிக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை பாலூட்ட வேண்டியிருக்கும். ஒரு முறை ஊட்டுவதற்கு இருபது நிமிடம் எனக் கொண்டால், எட்டுக் குழந்தைகளை வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த 180 நிமிடங்களில் 160 நிமிடங்கள் பாலூட்டுவதிலேயே கழிந்துவிடும். ஈரத்துணி மாற்றுவதற்கும், அழும் குழந்தையைத் தூக்குவதற்கும், முகம் பார்த்துப் பேசுவதற்கும் அவருக்கு எஞ்சுவது இருபது நிமிடம் மட்டுமே. அந்தப் பராமரிப்பாளர் எத்துணை அன்பானவராயினும் இக்கணக்கை அவரால் வெல்ல முடியாது. போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் செல்லும் ஆபத்தான பழக்கம் இவ்வாறுதான் உருவாகின்றது.

பராமரிப்பாளர் எவ்வளவு காலமாக அங்கு பணிபுரிகின்றார் என்பதும் முக்கியமானது. சிறு பிள்ளை ஓர் இடத்தோடன்றி ஒரு முகத்தோடுதான் ஒட்டிக்கொள்கின்றது. சில மாதங்களுக்கொரு முறை பணியாளர் மாறும் நிலையத்தில் பிள்ளை மீண்டும் மீண்டும் அந்நியரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பணியாளருக்குக் கௌரவமான சம்பளம் வழங்காத நிலையத்தில் அவர்கள் நிலைப்பதில்லை. எனவே, மிகக் குறைந்த கட்டணத்தைத் தேடும் பெற்றார், அந்தக் குறைப்பு யாருடைய சம்பளத்திலிருந்து வருகின்றது என்பதையும் எண்ணிப்பார்த்தல் நலம்.

சேர்ப்பதற்கு முன்னர் மதிய உணவு வேளைக்குச் சற்று முன்பாகச் சென்று அரை மணி நேரம் அமர்ந்திருந்து பார்ப்பது நன்று. பிள்ளைகள் பசியாலும் களைப்பாலும் சிணுங்கும் அவ்வேளையிலேயே நிலையத்தின் உண்மையான முகம் தெரியும். அழும் பிள்ளையிடம் பராமரிப்பாளர் குனிந்து பேசுகின்றாரா, தூரத்திலிருந்து அதட்டுகின்றாரா? பிள்ளைகள் அவரை நாடி வருகின்றனரா, கண்டு ஒடுங்குகின்றனரா? தொலைக்காட்சி ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றதா? ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் அறிவுறுத்தியுள்ளது.

கட்டடமும் சுற்றாடலும்

சுவரில் வரையப்பட்ட வண்ணச் சித்திரங்கள் பெற்றாரின் கண்ணைக் கவர்வதற்கானவை. பிள்ளையின் கைக்கு எட்டுவது எது என்பதைக் காண்பதற்குப் பெரியவர்கள் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். வடக்கு, கிழக்கில் கட்டில்லாத அல்லது மூடியில்லாத கிணறுகள் வளவுக்குள்ளேயே இருப்பதுண்டு. சில அங்குல நீருள்ள வாளி கூட, தவழும் குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. படிக்கட்டு, மின் செருகி, எரிவாயு அடுப்பு, சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், படலையின் கொளுக்கி ஆகிய ஒவ்வொன்றும் கவனிக்கப்பட வேண்டியதே. நுளம்பு பெருகும் இடங்கள் இருப்பின் டெங்கு அபாயமும் உண்டு.

தீயைப் பற்றி எம்மில் பலர் சிந்திப்பதில்லை. கள்ளரைத் தடுப்பதற்காக எல்லா யன்னல்களுக்கும் இரும்புக் கம்பியிட்டு, ஒரேயொரு வாசலை மட்டும் திறந்து வைத்திருக்கும் வீடுகளே பெரும்பாலும் பராமரிப்பு நிலையங்களாக மாறுகின்றன. மெக்சிக்கோவின் ஹெர்மொசில்லோ நகரில் 2009 ஜூன் 5 ஆம் திகதி பகல் பராமரிப்பு நிலையமொன்றில் பரவிய தீயில் 49 சிறு பிள்ளைகள் பலியாகினர். தீ தோன்றியது அந்நிலையத்திலன்று, அதனை ஒட்டியிருந்த களஞ்சியத்தில். தப்பிச் செல்லப் போதிய வழிகள் இல்லாமையால், மீட்க வந்தோர் வாகனத்தால் மோதிச் சுவரை உடைக்க வேண்டியதாயிற்று. தமிழகத்தின் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 ஆம் திகதி பாடசாலைச் சமையற்கூடத்திலிருந்து ஓலைக் கூரைக்குப் பரவிய தீ 94 பிள்ளைகளைக் காவுகொண்டதையும் நாம் மறந்துவிட முடியாது. இரண்டாவது வாசல் எங்கே, அதன் திறப்பு யாரிடம் என்று கேட்பது மிகையான அச்சமன்று.

உறக்க நேரமும் கவனத்துக்குரியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை நிமிர்த்திக் கிடத்தி, தலையணையோ தடித்த போர்வையோ இல்லாத உறுதியான விரிப்பில் உறங்கவைக்க வேண்டும். கச்சான், றம்புட்டான் விதை போன்றவை தொண்டையில் சிக்கி உயிராபத்தை விளைவிக்கக்கூடியவை. அத்தருணத்தில் முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவராவது எந்நேரமும் அங்கு இருத்தல் வேண்டும். 1990 என்ற அம்புலன்ஸ் சேவை இலக்கமும் பெற்றாரின் தொலைபேசி இலக்கங்களும் சுவரில் தெரியும்படி எழுதப்பட்டிருத்தல் நன்று.

நிலையம் வீடொன்றில் இயங்குமாயின், அவ்வீட்டில் வேறு யார் வசிக்கின்றனர், யார் வந்து போகின்றனர் என்பதை அறிதல் அவசியம். சிறுவர் துஷ்பிரயோகம் பெரும்பாலும் பிள்ளை அறிந்தவர்களாலேயே நிகழ்கின்றது. பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் பூட்டிய கதவுக்குள் தனித்திருக்கும் சூழ்நிலை எந்நேரத்திலும் ஏற்படாதவாறு நிலையத்தின் ஒழுங்குகள் அமைந்திருக்க வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றோரின் பெயர்கள் எழுத்தில் இருத்தல் வேண்டும். பழக்கமான முச்சக்கரவண்டிச் சாரதி ஆயினும், பெயர் எழுதப்படாதவரிடம் பிள்ளை கையளிக்கப்படலாகாது.

உணவும் மொழியும்

கறந்து வைக்கும் தாய்ப்பாலை அறை வெப்பநிலையில் நான்கு மணித்தியாலம்வரை வைத்திருக்கலாம் என்ற பொதுவான அறிவுறுத்தல் 25 பாகை அளவிலான வெப்பத்துக்கே பொருந்தும். கொழும்பினதும் மட்டக்களப்பினதும் வெயிலுக்கு அது பொருந்தாது. எனவே, குளிர்சாதனப் பெட்டி உண்டா, மின்சாரம் தடைப்பட்டால் என்ன செய்வர் என்பதைக் கேட்க வேண்டும். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ்வரும் தொழிலிடங்களில், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்குப் பாலூட்டுவதற்காக ஒன்பது மணித்தியால வேலை நாளில் இரு இடைவேளைகள் வழங்கப்படுதல் வேண்டும். தொழில் வழங்குநர் பராமரிப்பிடம் அமைத்துள்ள இடத்தில் அவை தலா 30 நிமிடமும், அமைக்காத இடத்தில் தலா ஒரு மணித்தியாலமும் ஆகும். இந்த உரிமையை அறியாத தாய்மார் பலர்.

உணவு விடயத்தில் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹலால் பற்றியும், சைவ உணவுக் குடும்பங்களுக்கு மரக்கறி பற்றியும் உள்ள அக்கறையை ஆரம்பத்திலேயே தெளிவாகக் கூறிவிடுதல் நன்று. பிள்ளைக்கு ஒவ்வாத உணவு, மருந்து எவையென்பது எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். நிலையத்தில் ஒன்றாக உண்ணும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்து வளர்வது இந்நாட்டிற்குத் தேவையான ஒன்றே. அது ஒவ்வொரு வீட்டின் வழக்கத்தையும் மதித்தே நிகழ வேண்டும்.

மொழி பற்றிய கேள்வி தமிழ் பேசும் பெற்றாருக்கே உரியது. கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் பல நிலையங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இயங்குகின்றன. பிள்ளை இன்னொரு மொழியைச் செவியுறுவதால் தீங்கேதுமில்லை. அது ஒரு பேறேயாகும். ஆனால், இரண்டு வயதுப் பிள்ளை தாகத்தையும், வயிற்று வலியையும், மலசலகூடத்துக்குப் போகவேண்டும் என்பதையும் தனது வீட்டுச் சொற்களிலேயே தெரிவிக்கும். அச்சொற்கள் புரியாத ஒருவரிடம் பிள்ளை நாள் முழுவதும் ஊமையாகின்றது. தமிழ் அறிந்த ஒருவரேனும் அங்கிருத்தல் வேண்டும். அது இயலாதவிடத்து, பிள்ளை பயன்படுத்தும் பத்து, பதினைந்து சொற்களையாவது அவற்றின் பொருளுடன் எழுதிப் பராமரிப்பாளரிடம் கொடுத்தல் எளிதான பரிகாரமாகும்.

சேர்த்த பின்னர்

முதல் நாட்களில் பிள்ளை அழுவது இயல்பு. முதலில் ஒரு மணித்தியாலம், பின்னர் அரை நாள் எனப் படிப்படியாகப் பழக்கினால், பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் இசைந்துவிடுகின்றன. பிள்ளை அறியாமல் நழுவிச் செல்வதைவிட, மாலையில் வருவேன் என்று கூறி விடைபெறுவதே நல்லது.

ஆனால், வாரங்கள் கடந்தும் அழுகை தணியாவிடின், காரணம் கூறப்படாத காயமோ தழும்போ காணப்படின், விட்டிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பின், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு பிள்ளை அஞ்சின், அதனைப் பொருட்படுத்தாது விடலாகாது. மாலையில் பிள்ளை வழமைக்கு மாறாகத் தூக்கக் கலக்கத்துடன் இருப்பின், தடிமனுக்கு வழங்கும் பாணி மருந்து உறங்க வைப்பதற்காகக் கொடுக்கப்பட்டதா எனவும் ஐயுற வேண்டும். பெற்றாரின் எழுத்து மூல அனுமதியின்றி எந்த மருந்தும் கொடுக்கப்படக்கூடாது. சிறுவருக்குக் கொடுமை இழைத்தல், 1995 இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின் கீழ் குற்றமாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கோ, பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ முறையிடலாம். வேறு நிலையத்துக்குப் பிள்ளையை மாற்றிவிட்டு மௌனமாக இருப்பது, அங்கு எஞ்சியுள்ள பிள்ளைகளைக் கைவிடுவதாகும்.

கண்காணிப்புக் கமரா இருக்கின்றது என்ற உறுதிமொழியில் பெற்றார் பலர் நிம்மதி அடைகின்றனர். கமரா கூடத்தைக் காட்டும். குரலின் கடுமையையோ, மலசலகூடத்தில் நடப்பதையோ காட்டாது. அதனைவிட மேலான காவல், முன்னறிவித்தலின்றிப் பெற்றார் எந்நேரமும் உள்ளே வரலாம் என்ற ஒழுங்காகும். உறக்க நேரம், பாட நேரம் என்ற காரணங்களைக் கூறி வாசலிலேயே நிறுத்தும் நிலையம் எத்தனை அழகாக இருப்பினும் அதில் பிள்ளையை விடலாகாது. பெற்றாரும் அந்த உரிமையை அவ்வப்போது பயன்படுத்த வேண்டும்.

இந்நாட்டின் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினரே தொழிற்படையில் உள்ளனர். பிள்ளையை நம்பி விட ஓரிடமின்மை அதற்கான காரணங்களுள் ஒன்று. நம்பகமான நிலையங்களை உருவாக்குவதும், எல்லா மாகாணங்களிலும் ஒரே தரத்தை நடைமுறைப்படுத்துவதும், பரிசோதனை அறிக்கைகளை மூன்று மொழிகளிலும் பெற்றார் பார்வைக்கு வைப்பதும் அரசின் கடமைகளாகும். தொழில் வழங்குநருக்கும் இதில் பொறுப்புண்டு. அவை நிறைவேறும் வரை எந்தப் பிள்ளையும் வளராமல் காத்திருக்கப் போவதில்லை. அதிகாரி ஆண்டுக்கு ஒரு முறை வந்து பதிவேட்டில் கையொப்பமிட்டுச் செல்லக்கூடும். பெற்றாரோ நாளுக்கு இரு முறை அந்த வாசலில் நிற்கின்றனர். அவர்கள் கேட்கத் தயங்காத இடத்தில்தான் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு.